டேப் அக்காவின் தம்பி

"மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க சார். இந்த வித்தையெல்லாம் நான் நிறையப் பார்த்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே டேப் அக்கா ஓட்டுநரின் தொப்பையைச் சுற்றி நாடாவைப் போடுகிறார். சார் விடுவதாயில்லை. முகம் சிவக்கச் சிவக்க வயிற்றை உள்ளே இழுத்து வைத்திருக்கிறார். அக்காவும் அவசரப்படுவதில்லை. "மேனேஜர் பைக்கை ரிவர்ஸ்ல இடிச்சது நீங்கதானாமே?" என்று காதோரமாகக் கேட்கிறார். சார் சிரித்துவிடுகிறார். தொப்பை தன் சொந்த இடத்துக்குத் திரும்பி வருகிறது. அக்கா அளவைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்.

பொதுச் சுகாதாரத் துறையில் களப்பணியாளர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு, சம்பளம் போடுகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. யாரைப் பார்த்தாலும் முதலில் இடுப்பு, அப்புறம்தான் முகம். விருந்துகளில் அவர் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடக்கும். ஆனால் ‘குண்டு’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. "கொஞ்சம் சேர்ந்திருக்கு" என்பார், அவ்வளவுதான். அவர் இடுப்பும் ஒன்றும் கொடி இடுப்பில்லை. அதனால் எங்கே முகாம் போட்டாலும் முதலில் தன்னையே அளந்து, அளவை உரக்கச் சொல்லிவிடுவார். "சிரிச்சு முடிச்சாச்சா? இப்ப வரிசைல வாங்க."

வட்டாரத்தில் சர்க்கரை நோயும் உடல் பருமனும் கைமீறிப் போனதால் சுகாதாரத் துறை பெரிய திட்டம் ஒன்று போட்டது. பள்ளிக்கூட வாசல்களில் இனிப்புப் பானம் விற்கக் கூடாது, வேலை செய்யும் இடத்துக்கே வந்து பரிசோதனை, மாத்திரை இலவசம். எல்லாம் நல்ல காரியம். அக்காவும் அதற்காக நாயாய் அலைந்தார். ஒரு விதி மட்டும்தான் அவருக்குத் தொண்டையில் சிக்கியது. வெறும் வயிற்றுச் சர்க்கரை எல்லையைத் தாண்டினால், குறையும்வரை பஸ் ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. பணிமனையில் டயரைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"சக்கரையைக் குறைங்கன்னா குறைக்கப் பார்ப்பாங்க சார். சீட்டைப் புடுங்குவோம்னா மறைக்கத்தான் பார்ப்பாங்க" என்று கூட்டத்திலேயே சொன்னார். அதிகாரி கெட்டவரில்லை. "புரியுதும்மா. நாளைக்கு ஒரு பஸ் கவுந்தா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார். விதி அப்படியே நின்றது.

அக்கா சொன்னபடியேதான் நடந்தது. சோதனை நாள் நெருங்கினால் பணிமனை கேன்டீனில் ஈ ஓட்டுவார்கள். முந்தின நாளே பட்டினி, காலையில் வெறும் தண்ணீர். வருஷம் முழுக்கத் தின்றதை ஒரே நாளில் கழித்துவிடலாம் என்று நம்பும் பெரிய மனிதர்களை வேறெங்கும் பார்க்க முடியாது.

அந்தப் பெரிய மனிதர்களில் ஒருவர் அக்காவின் சொந்தத் தம்பி. அவருக்கு வண்டிதான் எல்லாம். மனைவியோடு கோபித்துக்கொண்டால்கூட ஓட்டுநர் இருக்கையில் போய்த்தான் உட்கார்ந்திருப்பார். போன சோதனையில் எல்லையைத் தொட்டுவிட்டு நின்றார். இந்த முறை தாண்டினால் சீட்டு போய்விடும். சோதனைக்கு முந்தின நாள் தம்பி மனைவி போன் செய்தாள்: "அண்ணி, காலைலேர்ந்து ஒரு வாய் சாப்பிடல. கேட்டா எரிஞ்சு விழறாரு. நீங்களாவது சொல்லுங்களேன்."

அக்கா சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் வாய் கிழியச் சொல்கிறவர், இந்த ஒரு தடவை பிழைத்துப் போகட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டார். தம்பி பாசம் யாரை விட்டது?

மறுநாள் காலை, பணிமனையின் ஓய்வறை. சொந்தக்காரருக்குச் சொந்தக்காரர் சோதனை செய்யக் கூடாது என்பதால் தம்பி அடுத்த மேசையில், புதிதாக வந்த டெக்னீஷியனிடம் விரலை நீட்டினார். அக்கா திரும்பிப் பார்க்காமல் வேறொருவரை அளந்துகொண்டிருந்தார். காது மட்டும் அந்த மேசையில் இருந்தது.

"அம்பத்திரண்டு" என்றார் டெக்னீஷியன், கொஞ்சம் தயங்கி.

"அடேங்கப்பா! எல்லைக்கு எங்கேயோ கீழ! கிளம்புப்பா, ஜனங்க காத்திருக்காங்க" என்று மேனேஜர் முதுகில் தட்டினார். யாரோ கைதட்டினார்கள். விதியில் மேல் எல்லைதான் இருந்தது, கீழ் எல்லை எழுத யாருக்கும் தோன்றவில்லை.

எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து என்பது அக்காவுக்குத் தெரியும். வெறும் பட்டினியில் இந்த எண் வராது. சர்க்கரை மாத்திரையையும் கூட்டிப் போட்டிருக்கிறான்!

நாடாவை அந்த ஆளின் இடுப்பிலேயே விட்டுவிட்டு, அதற்குள் வண்டியேறிவிட்ட தம்பியின் பின்னால் ஓடினார். பேருந்தில் உட்கார இடமில்லை, படியில்கூட ஆள். ஓட்டுநர் இருக்கையில் தம்பி சாவியை வைத்துக்கொண்டு துவாரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். சாவி அங்கேயும் இங்கேயும் இடித்தது. சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. "என்னப்பா, வண்டி இன்னைக்கு எடுப்பியா மாட்டியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"டேய், இறங்கு."

"யாரு... விடு, டயமாச்சு" என்றார் தம்பி. அக்காவை அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை. அக்கா சாவியைப் பிடுங்கினார். "சக்கரை! யாராவது சக்கரை கொண்டாங்கய்யா!" என்று கத்தினார். பணிமனையே ஒரு கணம் விழித்தது. அந்த வாய் சக்கரையைக் குறைக்கச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள், கொண்டுவரச் சொல்லி அல்ல. கேன்டீன்காரர்தான் முதலில் சுதாரித்துக் கரைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

பாதி டம்ளர் உள்ளே போன பிறகு தம்பிக்குப் பார்வை நிலைத்தது. சற்றுப் பொறுத்து வெட்கம் வந்தது. மேனேஜர் படியேறி வருவதைப் பார்த்ததும் பயமும் வந்தது.

"பாஸாயிட்டேன்லக்கா? ஒண்ணும் சொல்லிடாத. மாத்திரைய பத்தி மூச்சு விடாத."

"இவன் நேத்துலேர்ந்து சாப்பிடல சார். மாத்திரைய டபுளாப் போட்டிருக்கான். எனக்குப் பாதி தெரியும், நானும் சும்மா இருந்துட்டேன்" என்றார் அக்கா. "வேற டிரைவர அனுப்புங்க. இவன் இப்போதைக்கு ஓட்ட மாட்டான்."

மேனேஜர் வேறு ஆளைத் தேடி இறங்கிப் போனார். பயணிகள் முணுமுணுத்தார்கள். தம்பி இருக்கையை விட்டு எழவில்லை.

"தெளிஞ்சுட்டேன்க்கா. குடு" என்று சாவிக்காகக் கையை நீட்டினார்.

அக்கா சாவியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, நீட்டியிருந்த அந்த ஈரக் கையில் தன் வலது கையை வைத்து இறுகப் பிடித்துக்கொண்டார்.