சாம்பலை இழுத்த கல்

இலங்கை மலையகத்து வட்டவளை மழையைப் பற்றித் தெரிந்தவர்களிடம் நான் அளக்க வேண்டியதில்லை. அப்படி ஒரு மழை விட்ட வெள்ளிக்கிழமை, தேயிலைக்குள் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டப் போன அப்பா சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கல்லோடு, நாங்கள் இருந்த வரிசை வீடான லயத்துக்கு வந்தார். வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் இலைப்பச்சை, நுனியில் தேன் நிறம், இரண்டும் கலக்கிற நடுவில் பேர் சொல்லத் தெரியாத ஒரு நிறம். யார் பார்க்கவென்று மண்ணுக்குள்ளே இத்தனை நிறம் என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எனக்கு அப்போது பத்து வயது.

எழுபதுகள் அது. இலங்கை-இந்திய ஒப்பந்தப்படி லயம் லயமாக ஆட்கள் இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். இரண்டு குடும்பமும் ஒன்றாகத்தான் போக வேண்டும் என்று பெரியப்பா சொல்லியிருந்தார், அப்பாவும் தலையாட்டியிருந்தார். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசிப் பழகாதவர். அம்மாவுக்குத் துளியும் இஷ்டமில்லை. இரண்டு வயதில் காய்ச்சலில் போன என் தம்பியை லயத்துக்குக் கீழேதான் புதைத்திருந்தோம். “புள்ளையத் தனியா விட்டுட்டு நான் வரமாட்டேங்க” என்று அழுவாள். அப்பா வாயே திறக்க மாட்டார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வரும்.

அன்று சாயந்திரம் பெரியப்பாவும் வந்திருந்தார். அப்பா கல்லைக் கழுவி, ஈரம் காயட்டும் என்று அடுப்போரமாக வைத்தார். விளக்கேற்றும்போது அதை எடுத்துவந்து, மாரியம்மன் படத்துக்கு முன்னால் இருந்த திருநீற்றுத் தட்டில் வைத்தார். “நாங்க இங்கயே இருக்கணும்னா ஒரு அடையாளம் காட்டு ஆத்தா” என்றார்.

திருநீறு அசைந்தது. பொடிப்பொடியாக எழும்பி, கல்லின் இரண்டு முனையிலும் போய் ஒட்டிக்கொண்டது. காற்றில்லை, யாரும் தொடவுமில்லை. அம்மா விழுந்து கும்பிட்டாள். “ஆத்தா ஒன்னயப் புடிச்சு வைக்கிறாடா தம்பி. நீ இரு” என்று பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் புறப்பட்ட அன்று, ரயிலடியில் வைத்து அப்பா அந்தக் கல்லை அவர் கையில் கொடுத்தார்.

எண்பதுகளில் நான் ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தேன். ஒரு புத்தகத்தில் அந்தக் கல்லைப் பார்த்தேன். தோரமல்லி, இங்கிலீஷில் டூர்மலின். சூடு பட்டால் முனைகளில் மின்சாரம் உண்டாகி, தூசியையும் சாம்பலையும் இழுக்குமாம். படித்த பிறகு என் ஆச்சரியம் குறையவில்லை, கூடித்தான் போனது. ஆத்தா தொடாமலே ஒரு கல் இப்படிச் செய்கிறதென்றால், அம்மாடி!

பெரிய மேதாவி மாதிரி அப்பாவிடம் போய் விளக்கினேன். அவர் சிரித்தார்.

“தெரியும்மா. கல்யாணத்துக்கு முந்தி ரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழியில கொஞ்ச நாள் வேல செஞ்சேன். அங்க இத வெளையாட்டாச் சுட்டுக் காட்டுவாங்க.”

“அப்ப ஏம்ப்பா அப்படிச் செஞ்சீங்க?”

“சின்னவன விட்டுட்டு எனக்கும் போக முடியல. அண்ணங்கிட்டச் சொல்ல வாய் வரல. ஆத்தா சொன்னா கேப்பாருன்னு பாத்தேன்.”

தம்பியைப் பற்றி அப்பா பேசி அன்றுதான் கேட்டேன். இப்போதாவது பெரியப்பாவுக்கு உண்மையை எழுதிவிடலாமே என்றேன். அவர் உள்ளே போய், இந்தியாவிலிருந்து வந்த ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார். பெரியப்பா எழுதியிருந்தார்:

‘தம்பி, இங்கே வேலையும் இல்லை, தண்ணீரும் இல்லை. உன்னைப் பிடித்து வைத்த ஆத்தா என்னை ஏன் வைக்கவில்லை என்று தினமும் அந்தக் கல்லைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.’