மதியத்தில் திறந்துகிடந்த கணக்கு

கண்ணாடிக்கடைப் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவளைக் கடையில் எல்லாரும் சில்லு என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன உருவம், பெரிய வாய். கோணிப்போன பிரேமைக்கூடத் திட்டித் திட்டியே வழிக்குக் கொண்டுவந்துவிடுவாள். கை ஓங்குகிற புருஷனுக்குத் தெரியாமல் மகளைக் கூட்டிக்கொண்டு இந்த ஊருக்கு ஓடிவந்தவள் என்பது, கண் பரிசோதிக்கிற அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று மதியம் சாப்பிடும்போது அவர்தான் பேச்சை எடுத்தார். ஆன்லைனில் துணி விற்கிற ஏதோ கம்பெனியிலிருந்து லட்சக்கணக்கான பேருடைய பாஸ்வேர்டைத் திருடிவிட்டார்களாம்.

"உன் மெயிலை இந்த சைட்டுல போட்டுப் பாரும்மா. களவு போயிருந்தா சொல்லிடும்."

"என்கிட்ட திருட என்ன இருக்கு, கிழிஞ்ச ஏப்ரனா?" சிரித்தபடியே போட்டாள்.

திரை சிவந்தது. மெயில், பாஸ்வேர்டு, வீட்டு விலாசம், எல்லாமே வெளியே போயிருந்தன. விலாசம் என்று பார்த்ததும் டிபன் டப்பாவை மூடி வைத்தாள்.

"இது அந்த ஆளு கையில கிடைக்குமா அண்ணா?"

"அவ்வளவு லேசுல கிடைக்காது. எதுக்கும் மாத்திடு. மெயிலுக்கும் இதே பாஸ்வேர்டுதானா?"

தலையாட்டினாள். எல்லாவற்றுக்கும் மகளின் செல்லப்பெயர்தான்.

மாற்றப் போன இடத்தில், அவள் மெயில் எந்தெந்த போனில் திறந்திருக்கிறது என்று காட்டியது. ஒன்று அவள் கையில் இருந்தது. இன்னொன்று, கிளம்பிய அவசரத்தில் அந்த வீட்டிலேயே விட்டுவந்த பழைய போன். கடைசியாகப் பார்த்தது இன்று காலை என்றிருந்தது.

முகம் தெரியாத திருடனை நினைத்தா இவ்வளவு நேரம் பயந்தோம்! மகளின் பள்ளியிலிருந்து வருகிற மெயிலெல்லாம் இதில்தான். ஆற அமர உட்கார்ந்து அத்தனையும் படித்திருக்கிறான்.

"அழிச்சிடாதே, முதல்ல படம் எடுத்துக்க. போலீஸ்ல காட்டணும்," என்றார் அண்ணன்.

படம் எடுத்தாள். பாஸ்வேர்டை மாற்றி, பழைய போனை மெயிலிலிருந்து வெளியே தள்ளினாள். அடுத்து பள்ளிக்கு போன் போட்டாள்.

"நான் வராம யார்கூடவும் அனுப்பாதீங்க டீச்சர். அப்பான்னு சொன்னாலும் அனுப்பாதீங்க."

"அப்பா ஸ்கூல் வாசல்லயே நிக்கிறாரே! நீங்கதான் அனுப்பினீங்கன்னு சொன்னார்."

பிள்ளையைப் பின்வாசலுக்குக் கூட்டிவரச் சொன்னாள். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. அண்ணன் வண்டியை எடுக்க, பின்னால் ஏறிக்கொண்டாள். போகிற வழியிலேயே போலீசுக்குச் சொன்னார்கள். பள்ளியின் பின்வாசலில் டீச்சர் பிள்ளையைக் கையில் பிடித்தபடி நின்றார். முன்பக்கம் அவன் பைக்கில் சாய்ந்து நிற்பது சந்து வழியே தெரிந்தது. அவள் மகளின் கையைப் பற்றிச் சுவரோரம் இழுத்துக்கொண்டாள்.

"ஏம்மா கை இப்படி சில்லுன்னு இருக்கு?" என்றாள் மகள்.

போலீஸ் வந்து அவனைக் கூட்டிப்போனது. படங்களை வைத்துப் புகார் எழுதினார்கள். அவன் கிட்டே வரக்கூடாது என்று கோர்ட்டும் சொல்லிவிட்டது. அவளும் வீட்டை மாற்றிவிட்டாள்.

அதற்குப்பின் அவன் வரவில்லை. ஆனாலும் தெருவில் ஒரு பைக் வேகம் குறைந்தால் போதும், அந்தப் பெரிய வாய் பாதிப் பேச்சில் மூடிக்கொள்ளும்.