கரும்புக்குப் பின்னால் ஒரு நாற்காலி

கல்யாண ரிசப்ஷனில் மேஜைக்கு நடுவே எதையாவது வைத்து அழகுபடுத்துவது என் தொழில். வந்து உட்காருகிறவர்கள் முதல் காரியமாக அதைத் தூக்கி ஓரமாக வைப்பது அவர்கள் தொழில்.

அறுபதுகளில் பம்பாய் மாட்டுங்காவில் நான் இதை ஆரம்பித்தபோது, இப்படி ஒரு வேலை இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. ஃபோர்ட் பகுதி ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்த என் வீட்டுக்காரர், "பூ வைக்கிறதுக்கா ஆளைக் கூப்பிடறா?" என்று கேட்டார். அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கல்யாணத்தில் சமையல்காரருக்குப் பெயர் உண்டு, நாயனக்காரருக்குப் பெயர் உண்டு. பந்தல் கட்டியவர், நாற்காலி கொடுத்தவர், என்னைப் போல ஓரமாக நின்று உழைத்துவிட்டுக் கடைசிப் பந்தியில் ஆறிப்போன ரசம் சாப்பிட்டவர் யாராவது இதைப் படித்தால் நான் சொல்வது புரியும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பனி இல்லாத ஊரில் பனிக்காலம்

பம்பாயில் குளிர்காலம் என்பது அந்துருண்டை வாசனையோடு ஸ்வெட்டரை வெளியே எடுத்து, போட்டு, வியர்த்துப்போய் மறுபடி பெட்டியில் வைப்பது. மார்கழியில் நம்மவர்கள் கல்யாணம் பண்ணமாட்டார்கள். தை பிறந்ததும் ஒரே அடியாகப் பண்ணித் தள்ளுவார்கள். அப்படி ஒரு தை மாதக் கல்யாணத்துக்காக செம்பூரிலிருந்து வசந்தா என்று ஒரு பெண் வந்தாள். டெலிபோன் ஆபரேட்டர். மணப்பெண்ணே நேரில் வந்து வேலை சொல்வது அன்றைக்கு அபூர்வம்.

கையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை. அதில் ஏதோ குளிர் தேசத்துக் கல்யாண மேஜை. மரத்தை வட்டமாக அறுத்த பலகை, அதன்மேல் காய்ந்த சுள்ளி, பைன் மரக் காய், கண்ணாடி பாட்டிலுக்குள் மெழுகுவர்த்தி. "இந்த மாதிரி கிராமத்துக் களையா வேணும் மாமி" என்றாள். பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, நான் கேட்காமலேயே, இன்னொன்றும் சொன்னாள். அப்பா தவறி வருஷம் திரும்பவில்லையாம். வருஷத்துக்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று பெரியப்பா நிச்சயம் பண்ணிவிட்டாராம். பெரியப்பாவும் பெரியம்மாவும்தான் தாரை வார்த்துக் கொடுக்கப்போகிறார்கள். அம்மா கமலம் மண்டபத்துக்கே வரமாட்டேன் என்கிறாளாம். பொட்டில்லாத நெற்றியோடு கல்யாணத்தில் எதிரே வரக்கூடாது என்பது அன்றைய வழக்கம். யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

படத்தை தாராவிக்கு எடுத்துப்போய் சாகுல் பாயிடம் காட்டினேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மூங்கிலிலும் பிரம்பிலும் எனக்குத் தட்டி, சட்டம், கூடை எல்லாம் கட்டித் தருகிறவர். படத்தைத் தள்ளிப் பிடித்து ஒரு தரம் பார்த்தார், கிட்டே வைத்து ஒரு தரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "இது கல்யாண வீடாம்மா? மழையில இடிஞ்சு விழுந்த வீடு மாதிரில்லா இருக்கு."

குயவர் கேட்ட கேள்வி

பைன் காய்க்கு இமயமலைக்கா போவது? கிராமத்துக் களை என்றால் நமக்குத் தெரிந்தது மண்பானை. சாகுல் பாயின் பட்டறையிலிருந்து நடக்கிற தூரத்தில் கும்பாரவாடா. குஜராத்திக் குயவர்கள் வீட்டு வாசலிலேயே சூளை போடுவார்கள். புகையில் கண்ணைத் திறக்க முடியாது. அங்கே ஒரு பெரியவர் சுண்ணாம்பும் செம்மண்ணும் பூசிய கல்யாணப் பானைகளை எடுத்து எடுத்து வைத்தார். நான் என் வீர ஹிந்தியில் வேண்டாம் என்றேன். சாயமே கூடாது, வெறும் மண் நிறமாக இருக்க வேண்டும், கொஞ்சம் கரிப்பிடித்திருந்தால் இன்னும் நல்லது என்றேன்.

பெரியவர் பீடியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், சாகுல் பாயைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார். வீட்டில் கல்யாணமா, இல்லை யாராவது காலமாகிவிட்டார்களா என்று அவ்வளவு மரியாதையாக ஒருவர் கேட்டு நான் கேட்டதில்லை. செம்பூர் வீட்டுக்கு இரண்டுமே பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது. சாயம் பூசிய பானையையே கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் கேட்டது இதுதான்: "பெஹ்லே யே போலோ பெஹன், கர் மே ஷாதி ஹை, யா கோயி குஸர் கயா?"

பந்தியில் போன கரும்பு

செம்பூருக்கு முன்னால் மாட்டுங்காவில் ஒரு ரிசப்ஷன் வந்தது. பொங்கல் முடிந்த கையோடு மார்க்கெட்டில் கரும்பும் மஞ்சள் கொத்தும் மிச்சமிருந்தன. கரும்பைச் சாண் சாணாக நறுக்கி, மஞ்சள் இலையால் கட்டி, ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு பானையில் நிறுத்தினேன். எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது. அரிசி ரேஷனில் வந்த காலம். விருந்துக்கு ஆயிரம் கட்டுப்பாடு. ரிசப்ஷன் என்றால் ஐஸ்கிரீம், காராபூந்தி, காபி, அவ்வளவுதான். பசியோடு வந்த ஜனம் கரும்பைச் சும்மா விடுமா?

ஐஸ்கிரீம் வருவதற்குள் பானைகள் காலி. மேஜை விரிப்பெல்லாம் சக்கை. மாப்பிள்ளையின் சித்தப்பா, பல்லிடுக்கில் நாரோடு என்னைத் தேடிக்கொண்டு வந்தார். பாராட்டத்தான் வருகிறார் என்று புடவையைச் சரிசெய்துகொண்டேன். அவர் சொன்னார்: "கரும்பெல்லாம் சரிதாம்மா, கணுவை நீக்கிட்டு நறுக்கப்படாதோ? எனக்கு முன்பல் ஆடறது."

அன்றிலிருந்து கரும்பை முழுசாகக் கம்பி போட்டுக் கட்டுவது என்று வைத்துக்கொண்டேன்.

ஒற்றைத் திரி

செம்பூர் வீட்டில் ஒத்திகைக்காக ஒரு மேஜையை அலங்கரித்துக் காட்டினேன். பானையில் நெற்கதிர், சுற்றிலும் வெடித்த பருத்திக் காய். பன்வேல் பக்கத்து வண்டிக்காரர் ஒருவரிடம் சொல்லி சாகுல் பாய்தான் கதிரை வரவழைத்தார். மெழுகுவர்த்திக்குப் பதிலாக ஒரு அகல். வசந்தாவுக்குக் கண் விரிந்தது. அவளுடைய பெரியம்மா அலமேலு மட்டும் அகலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒத்தைத் திரியை எங்கே, யார் தலைமாட்டுல ஏத்தி வெப்பான்னு உனக்குத் தெரியாதா ஜெயா?" என்றாள். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அழகு அழகு என்று அலைந்ததில் இழவு வீட்டு விளக்கைக் கல்யாண மேஜையில் வைத்திருக்கிறேன். அவசரமாக இன்னொரு திரியைப் போட்டேன்.

அலமேலு கெட்டவள் இல்லை. இதைச் சொல்லிவிட வேண்டும். பெண்ணைப் பெற்றவள் ஸ்தானத்தில் நின்று அத்தனை வேலையையும் தலையில் போட்டுக்கொண்டவள். ஆனால் பயந்தவள். சம்பந்தி மாமி, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, சாஸ்திரத்தில் துளி பிசகினாலும் விடமாட்டாள் என்று கேள்வி. "கமலம் வரேன்னு சொன்னாக்கூட நான் விடமாட்டேன். நாளைக்கு அந்தாத்துல ஒரு தலைவலி வந்தாலும் அந்தப் பழி குழந்தை மேலதான் விழும்" என்றாள். சமையலறைக்குள் பாத்திரச் சத்தம் நின்றது. கமலம் வாசற்படி வரைக்கும் வந்து காபியைத் தரையில் வைத்தாள். நெற்கதிரை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

வசந்தா பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தாள். பஸ் வந்தது, என்னை ஏறவிடவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு, டெலிபோனில் நம்பர் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள்: "அம்மா என்னைப் பார்க்கணும். அம்மாவை யாரும் பார்க்கப்படாது. ஒரு மேஜைக்கு மட்டும் அந்த மாதிரி ஒண்ணு பண்ணித் தருவேளா மாமி?"

மறைவுக்கு ஒரு சட்டம்

சாகுல் பாயிடம் மறைக்க வேண்டிய உயரத்தைச் சொன்னேன். மேஜைக்கு மேல் இவ்வளவு உயரமா, விருந்தாளிகள் எதிரே இருப்பவர் முகத்தை எப்படிப் பார்ப்பார்கள் என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். மூங்கிலைச் சீவிக்கொண்டே தன் வீட்டுக் கதை ஒன்றைச் சொன்னார். தன் தங்கச்சி நிக்காஹின்போது அவருடைய உம்மாவும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லையாம். வாப்பா மௌத்தாகி, அதாவது அவருடைய அப்பா தவறி, கொஞ்ச நாள்தான் ஆகியிருந்ததாம்.

சட்டம் தயாரானது. பெரிய பானைக்குப் பின்னால் விசிறி மாதிரி விரிந்து நின்றது. தோகையோடு முழுக்கரும்பு, நடுநடுவே மஞ்சள் கொத்து, கீழே நெற்கதிர் என்று கட்டிப் பார்த்தோம். பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்தால் தலை நுனிகூடத் தெரியவில்லை. ஆனால் கண் மட்டத்தில் ஒரு இடத்தில் மட்டும் தோகை விலகியிருந்தது. கட்டுவதில் பிசகிவிட்டதோ என்று நான் கை வைக்கப்போனேன். அவர் தடுத்தார்: "விட்ருங்கம்மா. அந்தப் பொம்பளை மறைஞ்சு இருக்கதுக்கா வாரா? பாக்கதுக்குல்லா வாரா."

செம்பூர், சாயங்காலம்

காலை முகூர்த்தம் முடிந்து, பள்ளிக்கூட ஹாலில் ரிசப்ஷன். ஓரத்துக் கதவை ஒட்டி மூலையில் என் மேஜை. எல்லா விளக்கும் போட்ட பிறகு, நாயனம் ஆரம்பித்த சமயத்தில், வசந்தா கெஞ்சிச் சம்மதிக்கவைத்திருந்த கமலத்தை அந்தக் கதவு வழியாக அழைத்துவந்தேன். வெளுத்த நூல் புடவை. உட்கார்ந்ததும் தோகை இடுக்கில் மேடையைப் பார்த்தாள். நாற்காலி விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவளைப் பார்த்தபோது என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

நம்மவர்களைப் பற்றி நான் மறந்துபோனது ஒன்று உண்டு. தண்ணீர் நிரப்பிய பானை, வாயில் மாவிலை, பக்கத்தில் மஞ்சள் கொத்து, மேலே கரும்பு. இது பூர்ணகும்பம் என்று, கட்டிய எனக்கு உறைக்காதது, உள்ளே நுழைந்த முதல் மாமிக்கு உறைத்துவிட்டது. வாசலில் வைத்திருந்த குங்குமத்தை எடுத்துவந்து பானைக்கு இட்டாள். அடுத்தவள் தலையிலிருந்து பூவைக் கிள்ளிச் சார்த்தினாள். ஒருவர் காசு போட்டார். ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கிறவர்கள் நெற்கதிரைக் கண்டால் விடுவார்களா? தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மேடையில் மணமக்களுக்கு இருந்த கூட்டத்தைவிட என் மேஜைக்குக் கூட்டம் அதிகம். நான் குறுக்கே போய் நின்றேன். "கொஞ்சம் நகருங்கோ, மறைக்காதேங்கோ" என்று என்னையே தள்ளினார்கள். பின்னால் கமலம் குறுகிக்கொண்டே போனாள். எழுந்து ஓடவும் வழியில்லை. கதவுப் பக்கமும் ஜனம்.

அப்போது சம்பந்தி மாமி வந்தாள். கையில் குங்குமம். எல்லோரும் வழிவிட்டார்கள். மேடை உயரத்திலிருந்து இடுக்கில் கமலத்தைக் கண்டுவிட்ட அலமேலு பதறிக்கொண்டு இறங்கினாள். சம்பந்தி மாமி பானைக்குக் குங்குமம் இடக் குனிந்தாள். தோகை இடுக்கில் இரண்டு கண். விரல் அப்படியே நின்றது. வசந்தாவின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டேன் என்றே நினைத்தேன்.

சம்பந்தி மாமி குங்குமத்தை இட்டாள். விரலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். மேஜையைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். ஒரு நாற்காலியை இழுத்து கமலத்தின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "அப்பாடா, நின்னு நின்னு கால் மரத்துப்போச்சு. இங்கேர்ந்து பார்த்தா உங்க பொண்ணு நன்னாத் தெரியறாளே" என்றாள். மாமி காலை நீட்டிக்கொண்டு பிள்ளைக்குக் கை காட்டினாள்: "ரெண்டு பேரும் இங்கே வந்து சேர்ந்து நமஸ்காரம் பண்ணுங்கோ."

வந்தார்கள். மாமியார் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள்; விழுந்தால் இருவர் காலிலும்தானே விழ வேண்டும். விழுந்தார்கள். வசந்தா எழுந்திருக்கவில்லை. கமலத்தின் கையில் ஆசீர்வாதத்துக்கு ஒன்றுமில்லை. வெறுங்கையைப் பார்த்தாள். பிறகு எட்டி, என் பானையிலிருந்த கதிரை உருவி, அந்த நெல்லைப் பெண்ணின் தலையில் தூவினாள். நான் அழுதேன். சொல்ல என்ன வெட்கம்? மூச்சிரைக்க வந்துசேர்ந்த அலமேலு கமலத்தைப் பார்த்தாள், சம்பந்தி மாமியைப் பார்த்தாள், வசந்தாவின் தலையைப் பார்த்தாள். அவள் திரும்பி, பின்னால் நின்றவர்களிடம் அதட்டினாள்: "நெல்லு முடியில சிக்கிண்டா எடுக்க வராது. யாராவது அந்த அட்சதைத் தட்டைக் கொண்டுவந்து அம்மாக்காரி கையில கொடுங்கோளேன், பார்த்துண்டே நிக்கறேளே."

இத்தனை வருஷத் தொழிலில் நான் பிரயத்தனப்பட்டு மறைத்துவைத்த ஒரே ஒருத்தியை அந்தக் கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரும் பார்த்துவிட்டுப் போனார்கள். அலங்காரத்தைப் பற்றி மட்டும், வழக்கம்போல, ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.