அறுபத்தொன்றாம் பக்கத்தில் ஒரு வரி

பிப்ரவரி 3 — 96 — 4
மார்ச் 11 — 92 — 7
ஏப்ரல் 19 — 90 — 11
ஜூன் 2 — 94 — 9
ஜூலை 14 — 96 — 3
ஆகஸ்ட் 21 — 95 — 0
செப்டம்பர் 27 — 96 — 0
நவம்பர் 3 — 96 — 0
டிசம்பர் 9 — 96 — 1
மொத்தம் — 851 — 35

தேதி, தொகுதி அஞ்சலில் போன நாள். நடுவில் இருப்பது பக்கம். கடைசி எண், அந்தத் தொகுதியில் விட்டுப்போன வரிகள். பார்வையற்றோர் நூலகத்தில் அஞ்சல் பதிவேடு என் கையில் இருந்த கடைசி வருடத்துக் கணக்கு இது. 318 பக்கத்தில் அச்சான ஒரு நாவல், பிரெயில் புள்ளி எழுத்தில் ஒன்பது தொகுதிகளாக, ஒரே ஒரு வாசகருக்குப் போனது. அதைப் புள்ளியில் எழுதியவரும் ஒருவர்தான். இது அவரைப் பற்றியது.

அலுவலகத்தில் அவரை எல்லோரும் புள்ளியக்கா என்று கூப்பிட்டார்கள். வயதில் மூத்தவர்களும் அப்படித்தான். அப்போது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. பத்தொன்பது வருடங்களாக மாடி அறையில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அதே வேலையைச் செய்துவந்தார். அவருடைய இயந்திரத்தில் ஆறு விசைகளும் ஓர் இடைவெளிக் கட்டையும் உண்டு. அழுத்தினால் தடித்த தாளில் புள்ளிகள் மேலெழும்பும். இடது பக்கம் தாங்கியில் அச்சுப் புத்தகம். கண் அதில், விரல் விசையில். தவறான புள்ளியை மரக்குச்சியால் அமுக்கிவிடலாம், ஆனால் படிக்கிறவர் விரலுக்கு அந்த வடு தெரிந்துவிடும். ஒரு பக்கத்தில் இரண்டு வடுவுக்கு மேல் விழுந்தால் தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து அடிப்பார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

காலையில் பள்ளிப் பாடப் புத்தகங்கள். அவற்றை ஆசிரியர்கள் சரிபார்த்துக்கொள்வார்கள். மதியத்துக்குப் பிறகு நாவல். அதைச் சரிபார்க்க ஆள் இல்லை. ஒப்பு நோக்குபவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடம் காலியாகவே கிடந்தது. ஒவ்வொரு தொகுதியோடும் ஒரு படிவம் வைத்து அனுப்புவோம்: "பிழை இருந்தால் மட்டும் எழுதவும்." வாசகர் எழுதினால்தான் பிழை நடந்தது என்றே எங்களுக்குத் தெரியும்.

எழுதுகிறவரும் வாசகரும் பெயர் தெரிந்துகொள்ளக் கூடாது என்பது விதி. புள்ளியக்காவின் எண் 7. அந்த வாசகரின் எண் 41. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக வசிக்கிறவர் என்பது விண்ணப்பத்தில் இருந்தது. அவர் கடிதமும் புள்ளி எழுத்தில்தான் வரும். எனக்கு அது படிக்கத் தெரியாது. பதிவேட்டில் 'சுருக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்ப நான் கடிதத்தை மாடிக்கு எடுத்துப் போவேன். புள்ளியக்கா கண்ணாலேயே படித்துச் சொல்வார்.

நாவல் தொடங்குவதற்கு முந்தைய வருடம் அவருடைய அம்மா இறந்துபோனார். வெளிநாட்டில் இருக்கும் தம்பி பதினாறாம் நாள் ஊருக்குக் கிளம்பும்போது ஒரு நல்ல போனை அக்கா கையில் வைத்து, தனியாக இருக்கிறாய், துணைக்கு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். துணையாகத்தான் இருந்தது. புத்தகத் தாங்கிக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் அதைச் சாய்த்து வைத்திருப்பார். குடும்பக் குழுவில் யாராவது பூப்படம் போட்டால் வெளிச்சம் வரும். தம்பி மகள் ஏதாவது வீடியோ அனுப்புவாள். அது முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும். பூனை பியானோ மேல் நடக்கும், யாரோ ஒருவர் கதவுக்கு வர்ணம் அடிப்பார், இன்னொருவர் வழுக்கி விழுவார்.

முன்பு இரண்டு தொகுதிக்கு ஒரு வரி விட்டுப்போவதே அபூர்வம். இப்போது விட்டுப்போனவை எல்லாம் ஒரே மாதிரி விட்டுப்போயின. கண் போனுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது கடைசியாக அடித்த சொல்லைத் தேடும். அதே சொல் ஒரு வரி தள்ளி மறுபடியும் வந்திருந்தால் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். நடுவில் இருந்தது போனது போனதுதான். அடிக்கிறவருக்குச் சந்தேகமே வராது, ஏனென்றால் சொல் சரியாகத்தான் தொடர்கிறது.

41 எழுதும் கடிதங்களில் கோபம் இருக்காது. கோபம் இருந்தாலே தேவலை. "பக்கம் 40. மாமனார் படகில் இருக்கிறார். அடுத்த வாக்கியத்தில் கட்டிலில் படுத்திருக்கிறார். தூக்கி வந்தவர் யார்? நல்ல தெம்புள்ள ஆளாக இருக்க வேண்டும்" என்று ஒரு கடிதம். இதைப் படித்துவிட்டுப் புள்ளியக்கா சிரித்தார். பிறகு அச்சுப் புத்தகத்தை எடுத்து அந்த இடத்தைத் தேடிப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை.

மூன்றாம் தொகுதிக்கான கடிதம் மே 9 அன்று வந்தது. பதினொரு இடங்களை வரிசையாகக் குறிப்பிட்டிருந்தார். கடைசியில், "எழுதுகிறவர் வேறு எங்கோ இருக்கிறார். நான் மட்டும் இங்கே உட்கார்ந்திருப்பதில் அர்த்தமில்லை. இப்படியே போனால் ஐந்தோடு நிறுத்திக்கொள்கிறேன்." நூலகர் புள்ளியக்காவைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரில் புள்ளி அச்சிடும் பிரிவுக்கு நாவலை மாற்றிவிடலாமா என்று மரியாதையாகவே கேட்டார். ஒரு தொகுதி பொறுத்துப் பாருங்கள் என்று இவர் கேட்டுக்கொண்டார்.

கீழே இறங்கி வந்து என் மேஜைக்கு எதிரில் நின்றார்.

"சார், பாடப் புத்தகத்த யார் அடிச்சாலும் பிள்ளைங்க படிக்கும். நான் அடிச்சேனா இல்லையான்னு தெரியிற ஆளு இந்த ஒருத்தர்தான்."

பாதி அடித்திருந்த நான்காம் தொகுதி ஒன்பது பிழைகளோடு போய்ச் சேர்ந்தது. முதலில் போனைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தார். கவிழ்ந்து கிடந்தாலும் ஓரத்தில் வெளிச்சம் கசிந்தது. மேஜை இழுப்பறைக்குள் போட்டார். உள்ளே அது டப்பாவில் மாட்டிய வண்டு மாதிரி உறுமியது. அணைத்து வைத்தார். அணைத்ததைத் திரும்பப் போடக் கை தானாகவே போனது. ஜூன் 5, திங்கள், பகல் ஒரு மணிக்கு அதை என்னிடம் கொண்டுவந்து, என் மேஜை இழுப்பறையில் பூட்டி வைக்கச் சொன்னார். ஐந்து மணிக்கு முன்னால் காலில் விழுந்தாலும் கொடுக்கக் கூடாது என்றார். வாங்கிய நேரம், கொடுத்த நேரம் இரண்டையும் தனித்தாளில் குறித்தேன்.

முதல் நாள் ஒன்பது முறை வந்தார். 2.10க்கு ஒரு முறை.

"ஒரே நிமிஷம் குடுங்க சார். தம்பி எதாவது போட்டிருப்பான்."

"போட்டிருந்தா அங்கயே இருக்கும்மா. கால் மொளச்சு ஓடிடாது."

"உங்களுக்குக் கல்லு மனசு சார்."

"நீங்கதான பூட்டச் சொன்னீங்க. அந்தக் கல்ல நீங்கதான் குடுத்தீங்க."

ஜூன் 9 அன்று ஆறு முறை. 21 அன்று ஒரு முறை. 23 அன்று வரவே இல்லை. அன்று மாலை ஐந்தே காலுக்கு நானே மேலே போய்க் கொடுத்தேன். மணி ஆனது தெரியாமல் அடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் குடும்பக் குழுவிலிருந்து விலகிவிட்டார். வீடியோ ஓடும் செயலியையும் நீக்கிவிட்டார். தம்பியிடமிருந்து ஜூலை 6 அன்றுதான் அழைப்பு வந்தது. என்னக்கா குரூப்பில் ஆளையே காணோம் என்று கேட்டாராம். வந்து சொன்னவர், "பன்னெண்டு நாள் சார்" என்றார். நான் தேதியைப் பார்த்தேன். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அக்கா எப்படி இருக்கிறாய் என்று தம்பி கேட்டாரா என்று விசாரித்தேன். கேட்டாராம். ஆனால் பதில் சொல்வதற்குள் அங்கே யாரோ கூப்பிட்டுவிட்டார்களாம்.

ஐந்தாம் தொகுதியில் மூன்று பிழைகள். 41 நிறுத்தவில்லை. நூலகரும் பேச்சை எடுக்கவில்லை. ஆறாம் தொகுதியில் பிழை இல்லை. அது அவருக்கு எப்படித் தெரியும் என்றால், கடிதம் வரவில்லை.

முதலில் அதைச் சந்தோஷமாகத்தான் எடுத்துக்கொண்டார். எங்கள் தபால் 11.20க்கு வரும். 11.15க்கு ஏதாவது சாக்கில் கீழே வருவார். பசை வேண்டும், கத்தரிக்கோல் வேண்டும், போன வாரம் வாங்கிய கத்தரிக்கோலைத் திருப்பித் தர வேண்டும். நான் கட்டைப் பிரித்து முடிக்கும்வரை நிற்பார். "நாப்பத்தொண்ணு?" என்பார். "இல்லம்மா" என்பேன். "அப்ப சரியா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போவார். ஏழாம் தொகுதி போன பிறகும் இதுதான். எட்டுக்குப் பிறகு, "அப்ப சரியா வந்திருக்கு" என்பதைச் சொல்வதை விட்டுவிட்டார்.

அவர் வீட்டுக்கு ஒரே ஒரு முறை போயிருக்கிறேன், அக்டோபரில், அவர் விடுப்பில் இருந்த ஒரு நாள், சம்பளப் படிவத்தில் கையெழுத்து வாங்க. மூன்றாம் மாடி. ஒரு அறை, ஒரு சமையல் மூலை. சுவரை ஒட்டி அம்மாவின் கட்டில், மெத்தை சுருட்டி வைத்திருந்தது. மேஜையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், கழுவிக் கவிழ்த்தது. போன் சமையல் மேடையில் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. எதிர் கட்டடத்தில் யாரோ துணி உதறும் சத்தம் கேட்டது.

"முன்னெல்லாம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தா, நிமிந்து பாத்தா பத்து மணி ஆயிருக்கும். இப்ப ஆறு மணிக்கு வந்தா ஆறேகால்தான் சார் ஆகுது" என்றார்.

திரும்ப அந்த வீடியோக்களைப் போட்டுக்கொள்ளலாமே, வேலை நேரத்தில்தான் கூடாது என்றேன். தலையை ஆட்டினார். மாலையில் பார்த்தால் அடுத்த நாள் மதியம்வரை கண் துள்ளிக்கொண்டே இருக்கிறது, இரண்டு முறை செய்து பார்த்துவிட்டேன் என்றார். தேதி கேட்டேன். சொன்னார். அந்த இரண்டு நாட்களுக்கும் மறுநாள் கிழித்துப் போட்ட தாள்கள் அதிகம் என்பது அலுவலகத் தாள் இருப்புக் கணக்கிலும் இருந்தது.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒன்பதாம் தொகுதி முடியும் நிலையில் இருந்தது. கதையும் அதோடு முடிகிறது. புள்ளியக்கா என்னிடம் வந்து, தபால் கட்டோடு ஒரே ஒரு தாள் கூடுதலாக வைக்கலாமா என்று கேட்டார். நல்லா இருக்கீங்களா, அவ்வளவுதான் எழுதுவேன், பெயர்கூடப் போடமாட்டேன் என்றார். இந்தத் தொகுதி 96 பக்கம், பதிவேட்டில் 96 பக்கம், 97 என்று எழுத இடமில்லை என்று சொன்னேன். அன்று அது எனக்குச் சரியாகவே பட்டது. அவர் வாதாடவில்லை. டிசம்பர் 9, சனிக்கிழமை, 96 பக்கங்களையும் எண்ணிக் கட்டி அனுப்பினேன்.

அதன் பிறகு அவர் 11.15க்குக் கீழே வருவதில் ஒரு மாற்றம் தெரிந்தது. சாக்கு எதுவும் சொல்லவில்லை. வெறுமனே வந்து நின்றார்.

ஜனவரியில் 41-இன் கடிதம் வந்தது. வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. அதை மாடிக்கு எடுத்துப் போனேன். அவர் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு, முழுவதையும் எனக்காகச் சத்தமாகப் படித்தார். அதில் இருந்தது இது:

"எண் 7க்கு. பக்கம் 61-இல் ஒரு வரி இல்லை. விதவை, 'கதவைத் தட்டியது யார்?' என்று கேட்கிறாள். அடுத்த வரியில் மழை பெய்கிறது. கேள்வி இருக்கிறது, பதில் இல்லை. உங்கள் பழைய பிழைகள் எனக்கு மனப்பாடம். எல்லாமே ஒரே சொல் இரண்டு தடவை வந்த இடங்கள். இங்கே அப்படி எந்தச் சொல்லும் இல்லை. இது கண் தவறியதல்ல. எடுத்து வைத்தது.

"பிழையில்லாத மூன்று தொகுதிகளையும் இரண்டிரண்டு முறை படித்தேன். அதைச் சொல்ல உங்கள் படிவத்தில் இடம் இல்லை. ஆறாவதிலிருந்து எதிரில் ஒருவர் உட்கார்ந்து வாசிப்பது போலவே இருந்தது.

"எனக்கு விரல் நுனி மரத்துக்கொண்டு வருகிறது. இந்தத் தொகுதியை ஒரு நாளைக்கு நான்கு பக்கத்துக்கு மேல் படிக்க முடியவில்லை. இனிமேல் ஒலிநாடாதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே இதற்குப் பதில் எழுதினால் என்னால் படிக்க முடியாது. எக்ஸ்சேஞ்சில் இருந்த காலத்தில் தினமும் இரண்டு பேராவது மணி அடித்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். மற்றவர்கள் வைத்துவிடுவார்கள். நான் முதலில் வைத்ததில்லை. கீழே என் எண்."

நான் பதிவேட்டைத் திறந்து சுருக்கம் என்ற கட்டத்தில் 'பிழை 1, பக்கம் 61' என்று எழுதினேன். தொலைபேசி எண்ணை எழுதவில்லை.

அன்று 2.10க்குப் புள்ளியக்கா கீழே வந்து போனைக் கேட்டார். மணி ஐந்து ஆகவில்லை என்று நான் சொல்லவில்லை. எடுத்துக் கொடுத்து நேரத்தைக் குறித்தேன். மாடிப்படிக்கு அடியில், பழைய அலமாரிகள் போட்டிருக்கும் இடத்துக்குப் போனார். 2.19க்குத் திரும்பி வந்து போனை என் மேஜையில் வைத்தார்.

"எடுத்தாரா?"

"எடுத்தாரு."

"என்ன சொன்னாரு?"

"'சொல்லுங்க'ன்னாரு. அப்புறம் ஒண்ணும் சொல்லல."

"நீங்க?"

அவர் மேஜை ஓரத்தில் இருந்த கத்தரிக்கோலை நேராக எடுத்து வைத்தார்.

"வாய் வரல சார். அங்க ஏதோ கெடியாரம் ஓடுற சத்தம் கேட்டுச்சு. ரொம்ப நேரம் கேட்டுக்கிட்டே இருந்தேன். அவர் வைக்கல. நான்தான் வச்சேன்."

போனை மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினேன். அவர் மாடிக்குப் போனார். சிறிது நேரத்தில் இயந்திரச் சத்தம் கேட்டது. பாடப் புத்தகம்தான், அப்போது வேறு எதுவும் இல்லை.

மார்ச்சில் நான் ஓய்வு பெற்றேன். கடைசி நாளில் அந்தப் போனை அவர் கையில் கொடுத்து, குறித்து வைத்திருந்த தாள்களையும் கொடுத்தேன். இனி பூட்ட ஒரு பிஸ்கட் டப்பா பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். மறுபடி அந்த எண்ணுக்குக் கூப்பிட்டாரா என்று நான் கேட்கவில்லை. என் பொறுப்பில் இருந்தது தபால் மட்டும். அதில் வாசகர் எண் 41 என்ற தலைப்பின் கீழ் மொத்தம் ஆறு கடிதங்கள். கடைசிக் கடிதம் வந்தது ஜனவரி 8, திங்கட்கிழமை, பகல் 11.20.