நெல்லுக் களத்தில் காய்ந்த தேயிலை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. அதற்குப் பிறகு நான் கட்டியவற்றைச் சொல்கிறேன். சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலை. கல்முனையில் ஒரு மொத்தக் கடை. கடற்கரையில் ஒரு வீடு, அதைக் கடல் கொண்டுபோன பிறகு ஊருக்குள் தள்ளி இன்னொரு வீடு. மூன்று பெண் பிள்ளைகளுக்கும் மூன்று கல்வீடு. சனம் வயலுக்குப் போகவே பயந்த யுத்த காலத்திலும் என் ஆலையின் புகைபோக்கி புகைந்தது. எனக்கு உட்காரக் கதிரை தராத அரசாங்கக் கந்தோர்களில் இன்றைக்குக் கதிரையும் தருகிறார்கள், தேத்தண்ணியும் தருகிறார்கள். கதிரையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தேத்தண்ணி விசயத்தில் நான் கண்டிப்பானவன். கண்ணாடிக் கிளாசில் பால் விடாத கடும் சாயம், உள்ளங்கையில் சீனி. சீனியை ஒரு நக்கு, சாயத்தை ஒரு மிடறு. இதற்கு மேல் தேயிலையில் படிக்க ஒன்றும் இல்லையென்று எழுபது வயதுவரை நினைத்திருந்தேன். அப்போதுதான் என் கடைசி மகள் கொழும்பில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

"வாப்பா, தேயிலையைப் புளிக்க வெச்சு, அதுல பூவக் கலந்து விக்கப்போறன்."

"புளிச்சத வெளிய ஊத்துறதுதானே புள்ள, ஆரு வாங்குற?"

சீனாவில் வாங்குவார்களாம். பொத்துவில் பக்கம் அலைச்சறுக்க வரும் வெள்ளைக்காரரும் வாங்குவார்களாம். அங்கே விருந்தினர் விடுதி நடத்தும் ஒருவர் வந்து குடித்துப் பார்க்கச் சம்மதித்திருந்தார். அவருக்குப் பிடித்தால் மாதாமாதம் எடுப்பார். பிடிக்காவிட்டால் தான் திரும்பவும் கொழும்புக்கே போய்விடுவதாக மகள் சொன்னாள். இதைக் கேட்ட என் வீட்டுக்காரி அன்றிலிருந்து ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் தேயிலைக்காக துஆ கேட்கத் தொடங்கினாள். அரிசி ஆலைக்கு அவள் அப்படிக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

மலைநாட்டிலிருந்து வாட்டிய இலை வந்தது. மகள் அதை, நெல் மூட்டை அடுக்கும் என் ஆலைக் கிட்டங்கியில் குவித்து, தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்கால் மூடினாள். நாற்பத்தைந்து நாள் அப்படியே கிடக்க வேண்டுமாம். இடையிடையே புரட்டிப் போடுவாள். குவியலுக்குள் ஒரு வெப்பமானியைக் குத்தி, காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் போல அடிக்கடி பார்ப்பாள். நாற்பதாவது நாள், பைக்கற்றுக்கு ஒட்டும் தாளை அச்சடிக்கக் கொழும்புக்குப் போனாள். போகும்போது என்னிடம், "வாப்பா, அதுல மட்டும் கை வெச்சிராதீங்க" என்றாள்.

நான் கை வைக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு ஆலைக்குப் போனேன். கிட்டங்கிக் கதவைத் திறந்தால் குவியலிலிருந்து ஆவி போகிறது. நெல் வியாபாரிக்கு இதைவிடப் பயங்கரமான காட்சி கிடையாது. ஈர நெல் குவியலில் சூடேறினால் முதலில் மஞ்சளாகும், பிறகு கறுக்கும், அதன்பிறகு கோழிகூடக் கொத்தாது. சாக்கைத் தூக்கினேன். இலை கறுத்தே போயிருந்தது. என் மகளின் எதிர்காலம் என் கண் முன்னால் அவிகிறதென்று பட்டது. மகளுக்குப் போன் எடுத்தேன், அவள் எடுக்கவில்லை. ஆலை வேலையாட்கள் இருவரைக் கூப்பிட்டு, குவியல் முழுவதையும் வெளியே சீமெந்துக் களத்தில் பரப்பச் சொன்னேன். அவித்த நெல்லைக் காயவைத்து அப்போதுதான் அள்ளியிருந்தார்கள். களம் சூடாக இருந்தது.

காயப்போட்ட நெல்லை நாங்கள் எப்படிக் கிளறுவோம் என்பது ஊருக்குத் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்தை உரசி உரசி, கோடு கோடாக நடப்போம். அப்படித்தான் நடந்தேன். தொழுகைக்குக் கழுவிய, வுழூ கலையாத கால். அந்தக் களத்தில் அன்றைக்கு என் காலைவிடச் சுத்தமான சாமான் ஒன்றும் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

அன்று பின்னேரம் கொழும்பிலிருந்து திரும்பிய மகள் நேரே ஆலைக்கு வந்து களத்து ஓரத்தில் நின்றாள். அழவுமில்லை, கத்தவுமில்லை. காய்ந்த இலையில் ஒரு பிடியை அள்ளி மணந்தாள்.

"ஆவி போறதுதான் வாப்பா சரி. அதுக்குத்தானே நான் குவிச்சு வெச்ச."

"சொல்லியிருந்தா விட்டிருப்பேனே."

"கை வெக்காதீங்க எண்டு சொன்னேனே."

"கை வெக்கல்ல" என்றேன். வேலையாட்கள் இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

விடுதிக்காரர் வரும் நாள் நெருங்கிவிட்டது, வேறு இலை வாங்கிக் குவிக்க நேரமில்லை. கோமாரிப் பக்கத்து ஆவாரம்பூவையும் உலர்ந்த ரோசா இதழையும் அதே தேயிலையோடு கலந்தாள். இரண்டு நாள் என்னோடு கதைக்கவேயில்லை.

விடுதிக்காரர் சனிக்கிழமை காலையில் வந்தார். நெல்லிக்காய் அளவுக் கோப்பைகளை மகள் வரிசையாக வைத்தாள். தேயிலையில் கொதிநீரை ஊற்றினாள், உடனேயே அந்த முதல் சாயத்தைச் சட்டிக்குள் கொட்டிவிட்டாள். தேயிலையைக் கழுவுகிறாளாம். என் கால் பட்டதற்காகவோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது, கேட்கவில்லை. இரண்டாம் முறை ஊற்றியது கறுப்பாக, மினுங்கிக்கொண்டு வந்தது.

மனிதர் கோப்பையை மூக்கடியில் பிடித்துக் கண்ணை மூடினார். பொத்துவிலிலிருந்து வந்த களைப்பாக்கும் என்று நினைத்தேன். பிறகு வாயில் வைத்துச் சளசளவென்று உறிஞ்சினார். இதை நான் செய்தால் வீட்டில் ஏச்சு விழும். அவர் செய்தால் அதற்குப் பெயர் ருசி பார்ப்பது.

நானும் குடித்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டும். முதலில், மாரிகாலத்தில் கிட்டங்கிக் கதவைத் திறந்தால் வருமே, அந்த மணம். அது நாக்கில் இறங்கி மெத்தென்று உட்கார்ந்தது. பிறகு ஆவாரம்பூவின் துவர்ப்பு. எல்லாவற்றுக்கும் பின்னால், கலியாண வீட்டு வாசலில் தெளிக்கும் பன்னீர் போல ரோசா. சீனி கேட்டேன். மகள் என்னைப் பார்த்த பார்வையில் சீனி தேவையில்லாமல் போய்விட்டது.

"தங்கச்சி, இதுல இன்னொண்டு இரிக்கி" என்றார் விடுதிக்காரர். "கொழும்புல, சிங்கப்பூர்ல எல்லாம் இந்தத் தேயில குடிச்சிருக்கன். இந்த மணம் அதுல இல்ல. அவிச்ச நெல்லு மாதிரி. எப்பிடி வந்த?"

நான் தொண்டையைச் செருமினேன். மகள் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

"அது எங்கட பரம்பரை முறை" என்றாள்.

"இதே மணம் மாறாம வந்தா மாசாமாசம் எடுக்கன். மாறினா வேணாம். ஹாஜியார் என்ன சொல்றீங்க?"

"பரம்பரை முறைதான்" என்றேன். என் பரம்பரையில் எனக்கு முன்னால் ஒருவரிடமும் ஒரு பாய் அகலக் களம்கூட இருந்ததில்லை. என் வாப்பா கருவாடு விற்றவர்.

அவர் போனதும் என் வீட்டுக்காரி அல்லாஹ்வுக்கு நன்றியாக இரண்டு றக்அத் ஷுக்ரு தொழுதாள். மகள் கொழும்புக்குப் போகவில்லை. அதில் எனக்குள்ள சந்தோசத்தை இங்கே நீட்டி முழக்கப் போவதில்லை.

இப்போது அவளுடைய பைக்கற்றின் பின்பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறது: "தலைமுறை தலைமுறையாகக் கிழக்குக் கரையில் பேணப்பட்ட முறைப்படி உலர்த்தியது." அந்தத் தலைமுறைகளைத் தேடி வெள்ளைக்காரர் படம் எடுக்க வந்தால் யாரைக் காட்டுவாள்? அவளிடமே கேட்டேன்.

"மறுகா என்ன எழுதுற வாப்பா? காலால மிதிச்சதெண்டா?"

"மிதிக்கல்ல புள்ள, கிளறின."

"குடிக்கிறவன் அந்த வித்தியாசத்தப் பாக்கமாட்டான்."

இப்போது நெல் போடுமுன் களத்தைக் கழுவி, நெல்லை அள்ளியதும் பாய் விரித்து, வேலையாட்கள் வெள்ளைக் காலுறை போட்டுத்தான் இலையைக் கிளறுகிறார்கள். மணம் குறையவில்லை, ஏனென்றால் அவித்த நெல்லை எப்போது அள்ள வேண்டும், இலை எப்போது களத்தில் இறங்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்பவன் நான். வெப்பமானியால் அதைச் சொல்ல முடியாது. மகளும் கேட்டுத்தான் நடக்கிறாள். ஆட்கள் வந்தால் மட்டும் என்னை "வாப்பாவும் சும்மா வந்து நிப்பார்" என்று அறிமுகப்படுத்துகிறாள்.

இதை வாசிக்கிறவர்கள் அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். என் பெயர் போட வேண்டாம், படம் வேண்டாம், காலைப் பற்றியும் ஒன்றும் வேண்டாம். அந்தத் தலைமுறைகளை எடுத்துவிட்டு, "உலர்த்தும் முறை: உற்பத்தியாளரின் வாப்பா" என்று ஒரே ஒரு வரி. ரோசாப்பூப் படத்துக்குக் கீழே இடம் இருக்கிறது, நான் விரலால் அளந்து பார்த்துவிட்டேன். அடுத்த தடவை அச்சடிக்கும்போது அந்த வரி வர வேண்டும்.