பிரேமா அக்காவுக்காக விதைத்த மல்லி

இங்கே மலேசியாவில், ஜொகூர்ப் பக்கம் செனாயில் காய்கறி வாங்கினால் யாரும் ஒரு கொத்து மல்லியைக் கொசுறாகப் போடமாட்டார்கள். வந்த புதிதில் நான் பையைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு இன்னொரு பை வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, கடைக்காரச் சீன அம்மா ஒன்றை நீட்டினார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சரி, நாமே போடுவோம் என்று, அம்மா கொடுத்துவிட்ட தனியாவை ஆடி பிறந்ததும் வாசல் மண்ணில் தூவினேன். மானாமதுரைப் பக்கம் எட்டாவதோடு படிப்பை விட்டுக் காட்டு வேலைக்குப் போனவள் நான். ஆடி வந்தால் கை தானாக விதையைத் தேடும். ஆனால் ஜொகூருக்கு ஆடி தெரியாது. காலையில் வெயில் சுட்டது, சாயங்காலம் மழை அடித்தது. முளை தலைகாட்டிய இடத்திலேயே அழுகிப்போனது.

ஐப்பசியில் மீன்கடைத் தெர்மாகோல் பெட்டியில் மண் நிரப்பிச் சமையலறை ஜன்னலில் வைத்து மறுபடி விதைத்தேன். பிரேமா அக்கா என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. இங்கேயே பிறந்தவர், பின்வரிசை வீடு. தீபாவளி முறுக்கு சுடச் சொந்தக்காரப் பெண்களோடு வந்தவர், தட்டு வைக்க இடமில்லை என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லைச் சாக்கடையோரம் கவிழ்த்தார்.

"அக்கா, அதுல விதை போட்டிருக்கேன்."

"கொசுதான் இருக்கும்லா. கட்டிக்கிட்டு வந்து இத்தன வருஷம் ஆச்சு, இவ கையில எது முளைச்சிருக்கு, மல்லி முளைக்க?"

எனக்குப் பிள்ளை இல்லை. மாவு பிசைந்துகொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

தீபாவளி முடிந்து குப்பை கொட்டப் போனேன். கவிழ்த்த மண்ணில், கூரை நிழல் விழுந்த இடத்தில் மட்டும் பச்சை தெரிந்தது. மழை படாமல் வெளிச்சம் மட்டும் பட்ட இடம். அன்றைக்குப் புரிந்ததைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். ஊர் மாதத்தை இங்கே நம்பாதீர்கள். என்றைக்கு இலை வேண்டுமோ, அங்கிருந்து ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேலாகப் பின்னோக்கி எண்ணி, வீட்டுக்குள்ளேயே விதையுங்கள். தனியாவைப் பூரிக்கட்டையால் லேசாக உருட்டி இரண்டாக உடைத்து, ராத்திரி ஊறவைத்து, வளரப்போகும் பெட்டியிலேயே போடுங்கள். பிடுங்கி நட்டால் மல்லி தாங்காது. அந்த விஷயத்தில் அதற்கு என்னைவிட ரோஷம் அதிகம்.

நான் எண்ணியது பிரேமா அக்கா மகள் கவிதாவின் வளைகாப்பு நாளிலிருந்து. மறுவருஷம் கார்த்திகையில் அது. வாய்க்கு மல்லிச்சோறு வேண்டும் என்று அந்தப் பெண் முன்பே கேட்டிருந்தாள். மழை மாதத்தில் லாரியில் வரும் மல்லி பாதி அழுகித்தான் கடைக்கு வரும். அதை மனதில் வைத்துத்தான் ஐப்பசியில் வரிசையாகப் பெட்டிகள் போட்டேன். ஆனால் தினமும் பயம். முளைக்காவிட்டால் பிரேமா அக்கா சொன்னது உண்மையாகிவிடுமே. சும்மா சும்மா மண்ணைத் தொட்டுப் பார்ப்பேன். பக்கத்து வீட்டு மலாய் அம்மா ஜன்னலைப் பார்த்து, என்ன பூ என்று கேட்டார். விளக்கிச் சொல்ல மலாய் போதாமல், பூதான் என்று தலையாட்டினேன்.

வளைகாப்புக்கு முதல் நாள் பிரேமா அக்கா கொல்லைக் கதவில் வந்து நின்றார்.

"தெய்வா, கடையில ஒரு கட்டுகூட நல்லா இல்ல. உங்கிட்ட நிறைய இருக்காமே."

"கொசுதான் இருக்கு அக்கா."

அவர் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று விட்டேன். பிறகு சொன்னேன். "சோறு நானே கிளறிக் கொண்டாறேன். கவிதாவுக்கு முதல் வளையலும் நானே போடுறேன்."

பிள்ளை பெறாதவளை அதற்கு விடமாட்டார்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான்.

"பெரியவங்க ஏதாச்சும் சொல்வாங்களே, தெய்வா."

"அப்ப பெரியவங்ககிட்டயே மல்லி கேளுங்க."

மறுநாள் முதல் வளையலை நான்தான் போட்டேன். கையெல்லாம் மல்லி வாசனை. அன்றைக்குச் சிரித்த பெண்கள் பந்தியில் இரண்டாம் தடவை சோறு கேட்டார்கள். மழையில் இவ்வளவு நல்ல மல்லி ஏது என்று ஒருத்தி கேட்க, நான் பிரேமா அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "தெய்வா முளைக்க வச்சது" என்று அவர் வாயாலேயே வந்தது. மன்னித்துவிட்டாயா என்று கேட்டால், இல்லை.

ஒரு பெட்டியை மட்டும் பறிக்காமல் விட்டேன். வெள்ளையாகப் பூத்திருக்கிறது. மலாய் அம்மாவுக்குச் சந்தோஷம். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் அம்மா அனுப்பிய காலண்டர் மார்கழி காட்டுகிறது. தண்டெல்லாம் வெளிச்சத்துக்காகப் பின்வரிசை வீட்டுப் பக்கம் சாய்கிறது. தினமும் பெட்டியைக் காலண்டர் பக்கம் திருப்பி வைக்கிறேன். விடிந்து பார்த்தால் மறுபடியும் பிரேமா அக்கா வீட்டையே பார்க்கத் தொடங்கியிருக்கிறது.