அடுப்பெரியாத தெருவில் காலைக் கஞ்சி

செலியமேட்டில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகள் கட்டி, ஒன்றில் மட்டும் கட்டிலும் ஹீட்டரும் போட்டிருந்தோம். பாகூர்ப் பக்கம் ஓர் எண்ணெய் வைத்தியசாலை இருக்கிறது. முதுகுவலி, மூட்டுவலி என்று வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பத்து நாள், பதினைந்து நாள் தங்கி எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள். மிச்ச நேரத்தில் பழைய சிவன் கோயிலையும் ஏரியையும் பார்ப்பார்கள். அங்கே இடம் போதாததால் சுற்றுவட்டார வீடுகளில் தங்க அனுப்பிக்கொண்டிருந்தார்கள். படுக்கையும் காலைச் சாப்பாடும் வீட்டுக்காரர் பொறுப்பு. மதியமும் ராத்திரியும் வைத்தியசாலையிலேயே சாப்பிட்டுக்கொள்வார்கள்.

எங்களுக்கு வந்த முதல் ஆள் மைசூர்ப் பக்கத்து அம்மா ஒருவர். அறுபது வயதிருக்கும். சென்னையில் வேலை பார்த்ததால் தமிழ் பேசுவார். அவர் பத்து நாள் குறையில்லாமல் இருந்துவிட்டுப் போனால் தொடர்ந்து ஆட்களை அனுப்புவதாகவும், நடுவில் வேறு வீடு கேட்டால் அதோடு சரி என்றும் வைத்தியசாலை மேனேஜர் சொல்லியிருந்தார். நான் ஏழாவதோடு நின்றவள். அவர் கொடுத்த தாளைத் தினமும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். காலை ஏழரைக்குக் கஞ்சி. தாளிக்கக் கூடாது. வெளிச் சாப்பாடு கூடவே கூடாது. ஹீட்டர் வெடித்துவிடுமோ, பல்லி விழுந்துவிடுமோ, படியில் எண்ணெய்க் காலோடு வழுக்கிவிடுவாரோ என்று எனக்கு ஒவ்வொரு நாளும் ஒரு பயம் இருந்தது. நான் பயந்தது ஒன்றும் நடக்கவில்லை.

என் வீட்டுக்காரரின் பெரியப்பா மூன்று வீடு தள்ளி இருந்தார். அந்த அம்மா வந்த அன்று வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னாம்மா, சோறு போட்டு, படுக்க பாய் போட்டு ஆள வெச்சிக்கிறீங்க? எனுக்கும் முதுகு வலிதான். நானும் வந்து மாடியில படுத்துக்கவா?" என்று கேட்டார். ஆறாம் நாள் விடியற்காலையில் அவர் இறந்துபோனார்.

எங்கள் பக்கம் தெருவில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கும்வரை யார் வீட்டிலும் அடுப்பு எரியாது. நாங்களோ பங்காளி வீடு. பெங்களூரிலிருந்து அவருடைய மகள் வர வேண்டும், எடுக்க மூன்று மணி ஆகும் என்றார்கள். வீட்டுக்காரர் அங்கே பந்தல் போடக் கயிறு எடுக்க வந்தார். நான் மெதுவாகக் கேட்டேன்.

"மேல அந்தம்மாவுக்குக் கஞ்சி வெக்கணுமே. கொஞ்சமா பத்த வெச்சிட்டு அணைச்சிடவா?"

"உனுக்கு புத்தி கித்தி கெட்டுப் போச்சா? பெரியப்பா அங்க கெடக்குறாரு."

"கிருமாம்பாக்கத்துல போயி இட்லி வாங்கியாறீங்களா?"

"அவங்கதான் வெளிய சாப்புடக் கூடாதுன்னு நீயே பத்து வாட்டி படிச்சியே" என்று சொல்லிவிட்டுக் கயிற்றோடு போய்விட்டார்.

அப்போதுதான் பரணில் சும்மா கிடந்த இண்டக்‌ஷன் கரண்டு அடுப்பு நினைவுக்கு வந்தது. அதில் நெருப்பு இல்லை. நெருப்பு இல்லாவிட்டால் அது அடுப்பு ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யார் கண்ணிலும் படாமல் அதை மாடியில் காலியாக இருந்த அறைக்குக் கொண்டுபோனேன். என்னிடம் இருந்த அலுமினியப் பாத்திரம் எதுவும் அதில் சூடாகாது. ஸ்டீல் குக்கர் ஒன்றுதான் சூடாகும். பச்சரிசியும் பாசிப்பருப்பும் போட்டு மூடினேன்.

அதற்குள் பறை அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த அம்மா கதவைத் திறந்து, "என்ன சத்தம்?" என்று கேட்டார். சாவு என்றால் கிளம்பிவிடுவாரோ என்று பயந்து, "கோயில்ல விசேஷம் மேடம்" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

பறைக்காரர்கள் டீ குடிக்க நிறுத்தியபோது குக்கர் விசில் அடித்தது. கல்யாணமான நாளிலிருந்து செய்கிற வேலை, மூடினால் கை தானாக வெயிட்டைப் போட்டுவிடும். கழற்ற ஓடினேன். அதற்குள் இரண்டாவதும் அடித்துவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி ஏழரைக்கு அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் நான்கு ஸ்பூன் சாப்பிட்டிருப்பார். பெரியப்பாவின் மருமகள் படியேறி வந்தார். என்னைவிட மூத்தவர், நான் அக்கா என்று கூப்பிடுவேன். தலை விரிந்து கிடந்தது, அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"இன்னாடி இது? எங்க மாமனார் பொணமா கெடக்குறாரு, நீ இங்க விசிலு வுடுறியா?"

"இல்லக்கா, இவங்களுக்கு வைத்தியம். நேரத்துக்குக் கஞ்சி குடுக்கணும்…"

"கொழந்தைக்கும் சீக்காளிக்கும் யாருடி பட்டினி போடச் சொன்னது? ஒரு வார்த்த சொல்லியிருந்தா பின்தெருவுல எங்க அம்மா வூட்ல ஆக்கிக் குடுத்திருப்பாங்க. தெருவே சிரிக்குது, பொணத்துக்குப் பக்கத்துல ஒக்காந்துகினு."

அந்த அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தார். "யாரு இறந்தது?" என்று அக்காவிடம்தான் கேட்டார், என்னிடம் இல்லை. அக்கா சொன்னார். அவர் எழுந்து கை கூப்பினார். ஒன்பது மணிக்கு வைத்தியசாலை வண்டி வந்தது. என்னிடம் பேசாமல் ஏறிப் போனார்.

பதினொரு மணிக்கு மேனேஜர் போன் செய்தார். நான் பந்தலுக்கு வெளியே வந்து எடுத்தேன்.

"பறைச் சத்தம்லாம் தொந்தரவா இருக்கும், வேற வீடு பாக்கட்டுமான்னு கேட்டேம்மா. சாயங்காலம் சொல்றேன்னாங்க. கோயில் விசேஷம்னு நீங்க எதுக்குச் சொன்னீங்கன்னு கேக்கணுமாம்."

மூன்றரைக்குப் பிணம் எடுத்தார்கள். வீட்டைக் கழுவிவிட்டுத் தலைக்குக் குளித்தேன். ஆறு மணிக்கு அந்த அம்மா வந்தபோது நான் ஈரத் தலையோடு படிக்குக் கீழே நின்றிருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று மத்தியானம் முழுக்க யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"பயந்துட்டேன் மேடம். நீங்க போயிடுவீங்கன்னு."

"சாவு விழுந்ததுக்கு யாராவது வீட்டை விட்டுப் போவாங்களா? பொய் சொன்னாத்தான் போவாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. படியில் கால் வைத்துத் திரும்பினார். "எங்க வீட்லயும் இப்படின்னா சமைக்க மாட்டோம். எனக்குத் தெரிஞ்சிருந்தா கஞ்சி வேண்டாம்னு சொல்லியிருப்பேன். சாவு நாள்ல அந்த நாலு ஸ்பூனை என்னைச் சாப்பிட வெச்சிட்டீங்க."

சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அன்று அவர் பெட்டியை எடுத்து வைக்கிறாரா என்று மேலே சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தேன். எடுத்து வைக்கவில்லை. மறுநாள் ஏழரைக்குக் கஞ்சி கொடுத்தேன், முழுக்கக் குடித்தார். பத்து நாளும் இருந்துவிட்டுப் போனார். பேச்சு மட்டும் முன்போல இல்லை.

அவர் போன மறுநாள் மேனேஜர் மறுபடி கூப்பிட்டு, அடுத்த மாதம் இரண்டு பேர் வருகிறார்கள், இரண்டு அறையும் வேண்டும் என்றார். சரி என்பதற்கு முன்னால், தெருவில் சாவு விழுந்தால் என் வீட்டில் அடுப்பு எரியாது, கஞ்சி வேறு வீட்டிலிருந்து வரும், வந்தவர்களிடமும் அதைச் சொல்லித்தான் கொடுப்பேன் என்றேன். அவர், "வீட்டுல செஞ்சதா இருந்தா போதும்மா" என்றார்.

சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன். இன்னும் காரியம் ஆகவில்லை. வாசலில் படத்துக்கு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பின்தெருவில் அவருடைய அம்மா வீட்டு அடுப்பை அவசரத்துக்குக் கேட்டு வைக்கலாமா என்று கேட்டேன்.

"இன்னாடி, அடுத்தது யாருன்னு முடிவே பண்ணிட்டியா?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் உள்ளே போய்ப் போனை எடுத்து வந்து, அங்கேயே உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டார்.